மூன்றாம் லைனின் பலகை

பலகை போன நாளிலிருந்து மூன்றாம் லைனில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. ஒவ்வொரு தையல் மிஷினின் காலடியிலும் ஒரு பாட்டில் இருக்கிறது. காலையில் வீட்டில் நிரப்பிக்கொண்டு வரும் தண்ணீர் சாயங்காலம் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகிறது. முன்பு மட்டும் குடங்குடமாகக் குடித்தார்களா என்றால் அதுவும் இல்லை. நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு வாய் நனைத்துக்கொள்வார்கள். இப்போது அந்த ஒரு வாயும் போய்விட்டது.

பலகை என்றால் ஏதோ பெரிய சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரத்துண்டு. அதில் சிவப்புப் பெயின்ட், நடுவில் வெள்ளையாக மூன்று என்று ஓர் எண், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு நாடா. அவ்வளவுதான். கழிவறைக்குப் போகிறவள் அதை மாட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்ததும் தூணில் உள்ள ஆணியில் தொங்கவிட வேண்டும். பிறகுதான் அடுத்தவள் போகலாம். முதல் லைனுக்கு நீலம், இரண்டாவதுக்குப் பச்சை, மூன்றாவதுக்குச் சிவப்பு. ஒரு லைனில் ஒரே நேரத்தில் ஒரு மிஷினுக்கு மேல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக மேனேஜர் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. அதே கூடத்தில் துணி வெட்டுகிற பக்கம் முழுக்க ஆண்கள். அவர்களுக்குப் பலகை கிடையாது. மேனேஜருக்கு அவருடைய கண்ணாடி அறைக்குப் பின்னாலேயே தனிக் கழிவறை இருக்கிறது, ஆகவே அவரும் எதையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாலு பேர் முன்னால் நடக்க வேண்டியதில்லை.

அந்த லைனுக்குப் பொறுப்பு லைன் அக்கா. மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி தேய்ந்த பிறகுதான் அவளுக்கு அந்தப் பதவி கிடைத்தது. லீடர் என்று எழுதிய சிவப்பு அட்டை ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பாள். இடுப்பில் நாடாவால் கட்டிய கத்தரிக்கோல் தொங்கும். லைனில் வேகம் குறைந்தால் அவள் வாயைத் திறந்து திட்டமாட்டாள். கத்தரிக்கோலின் பிடியால் இரும்புத் தூணில் டக், டக் என்று இரண்டு தட்டு தட்டுவாள். குனிந்த தலைகள் இன்னும் குனியும், கால்கள் பெடலை அழுத்தும். அவள் இல்லாதபோது பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் டக்டக் அக்கா. அது அவளுக்கும் தெரியும். சட்டைக்குக் காலர் வைக்கிறவள் காலர்க்காரி, பொத்தான் துளை போடுகிறவள் காஜாக்காரி, நூல் பிசிறு வெட்டுகிற வயதானவள் பிசிறம்மா என்று ஆளுக்கொரு பெயர் இருக்கும்போது தனக்கு மட்டும் இல்லாமல் போனால்தான் வருத்தம் என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்தத் தூண் கழிவறையின் தகரச் சுவரை ஒட்டி நின்றது. தூணில் தட்டினால் தகரமும் சேர்ந்து அதிரும். அதை அப்போது யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

காலர்க்காரிக்கு ஒரு வாரமாகவே காய்ச்சல். விடிந்ததும் மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். லீவு போட்டால் நாளைக்கு லீடர் ஆக்க யோசிப்பார்கள் என்று அவளுக்கு ஒரு பயம். அடுத்த லீடர் நீதான் என்று மேனேஜர் எப்போதோ ஒரு நாள் நல்ல மூடில் சொல்லிவைத்ததை அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அன்றைக்குக் காலையிலிருந்தே இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆணியைப் பார்ப்பதும் காலரைப் பார்ப்பதுமாக இருந்தாள். பலகை ஆணிக்கு வருவதும் வேறொருத்தி எடுத்துக்கொண்டு போவதுமாக இருந்தது. கடைசியில் லைன் அக்காவே பார்த்துப் பரிதாபப்பட்டு, காஜாக்காரியின் கையிலிருந்த பலகையை வாங்கி இவள் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"சீக்கிரம் போயிட்டு வா. மூஞ்சியே சரியில்ல" என்றாள்.

போனவள் வரவில்லை. காலர் வராமல் அடுத்த மிஷின் சும்மா நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். லைன் அக்கா கழிவறைக் கதவுக்குப் போய்க் கத்தரிக்கோலால் தட்டினாள், டக், டக்.

"இதோ வந்துட்டேன்க்கா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினாள். குரல் இல்லை. இவளுக்குக் கோபம் வந்தது. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வீம்பு பண்ணுகிறாளோ என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினாள். பிசிறம்மாதான் எழுந்து வந்து, "ஏம்மா, தட்டினது போதும், கதவ ஒடைங்க" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அவளுக்கு மூச்சு இருந்தது. சாயங்காலம் இல்லை. சிறுநீரை அடக்கி அடக்கிப் புண்ணாகி, அந்த விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவர் சின்ன வயசுக்காரர். லைன் அக்காவைப் பார்த்து, "இவங்க தண்ணியே குடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். குற்றம் சொல்லிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கம்பெனியிலிருந்து வந்த ஆள் காலர்க்காரியின் போட்டோ போட்ட அடையாள அட்டையை அவள் சேலைமேல் போட்டிருந்த வேலைக் கோட்டிலிருந்து கழற்றி மறக்காமல் வாங்கிக்கொண்டு போனான். அந்தக் கோட்டுக்குள் சரிந்து கிடந்த பலகை அவன் கண்ணில் படவில்லை.

அவள் மிஷினில் ஊசிக்குக் கீழே ஒரு காலர் பாதி தைத்தபடி அப்படியே இருந்தது. அதை எடுக்க யாரும் முன்வரவில்லை. மேனேஜர் சொல்லியும் எடுக்கவில்லை.

மறுநாள் மேனேஜர் லைன் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். இரண்டு வார்த்தை துக்கம் விசாரித்தார். பிறகு, "பலகை எங்கம்மா?" என்றார்.

"அவ கழுத்தோட போயிடுச்சு சார்."

"கம்பெனிப் பொருள் வெளிய கெடக்கலாமா? நாலு பேர் பாத்தா நாலு விதமா கேப்பாங்க. வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்லிட்டு, அப்படியே வாங்கிட்டு வந்துடு."

"ஒரு துண்டு மரம்தானே சார். புதுசா ஒண்ணு பண்ணிக்கலாமே."

"தொலைச்சா புதுசு கெடைக்கும்னு தெரிஞ்சா நாளைக்கு ஆளுக்கு ஒண்ணு தொலைப்பாங்க. பழசு வர்ற வரைக்கும் மூணாம் லைன் சாப்பாட்டு மணிக்கு மட்டும் போகட்டும். திங்கக்கிழமை அந்த ஆணியில பலகை தொங்கணும். இல்லேன்னா உன் கழுத்துல தொங்குறதக் கழட்டி வச்சுட்டு மிஷின்ல உக்காந்துக்க."

குரலை உயர்த்தாமல், பொறுமையாக, பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் சொன்னார். அவர் பயந்திருக்கிறார் என்பது லைன் அக்காவுக்கு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பலகை ஒரு வீட்டில் இருந்தால், யாராவது வந்து இது என்ன என்று கேட்டால், அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டி வரும். அதனால்தான் அது ஆணிக்குத் திரும்ப வர வேண்டும் என்கிறார்.

அன்றிலிருந்து லைனில் பேச்சு அடங்கிவிட்டது. வாய் ஓயாத காஜாக்காரியே காலைப் பின்னிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு துளை போட்டாள். சாப்பாட்டு மணி அடித்ததும் கழிவறை வாசலில் வரிசை நின்றது. நின்றவர்களில் பாதிப் பேருக்கு முறை வருவதற்குள் மணி திரும்ப அடித்துவிடும். முறை வந்தவர்களும் உள்ளே போய், உடைத்த கதவுக்கு மறுநாளே மாட்டிய புதுத் தாழ்ப்பாளைப் போடாமல், கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு ஓடி வந்தார்கள். உள்ளே இருக்கும்போது யாரோ தட்டுவதுபோல் இருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி, அட சும்மா இரு, என்றாள். ஆனால் அவளும் அதற்குப் பிறகு போகவில்லை.

லைன் அக்காவுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அவளுக்குக் கழிவறைக்குப் போக வேண்டியதே இல்லாமல் கேட்டது. பஸ்ஸில் கேட்டது, பாத்திரம் கழுவும்போது கேட்டது, கண்ணயர்ந்தால் காதோரம் கேட்டது. டக், டக். அதற்குப் பின்னால், பதற்றமும் மரியாதையுமாக, இதோ வந்துட்டேன்க்கா. வலியில் துடிக்கிறவள், சாகப் போகிறவள், கடைசியாகச் செலவழித்த மூச்சு தன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போயிற்று என்பதை அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அவளோடு ஒரே அறையில் இருக்கும் தங்கை காலையில் எழுந்ததும் முகத்தைச் சுளித்தாள். "என்னக்கா, தூக்கத்துல சுவத்த இந்தத் தட்டு தட்டற? பக்கத்து வீட்டுக்காரங்க எழுந்து வந்துடப் போறாங்க."

"நானா? நான் எங்கடி தட்டினேன்?"

"பின்ன நானா?"

லைன் அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் குளிக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு காலர்க்காரியின் வீட்டுக்குப் புறப்பட்டாள். வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கம்பெனிப் பொருள் ஒண்ணு தவறுதலா வந்துடுச்சு. உங்களுக்கு அது எதுக்கும் ஆகாது. அவ இருந்தா அவளே கொண்டுவந்து குடுத்திருப்பா. எதைச் சொன்னாலும் நாக்கில் கசந்தது. ஆனால் அங்கே அத்தனை பெண்கள் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். செத்தவளுக்காக இருக்கிறவர்களைச் சாகடிக்க முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். வாங்கியே தீருவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் அந்தச் சந்துக்குள் நுழைந்தாள்.

வரிசையாகத் தகரக் கதவு போட்ட அறைகள். பத்து வீட்டுக்கும் பொதுவாகச் சந்தின் கோடியில் ஒரு கழிவறை, அதன் வாசலில் வாளிகளோடு ஒரு வரிசை. வீட்டிலும் அவள் வரிசையில்தான் நின்றிருக்கிறாள் என்று லைன் அக்காவுக்குத் தோன்றியது.

அறைக்குள் காலர்க்காரியின் கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூட்டை தூக்குகிறவர். உடம்பு இரும்பாகத்தான் இருந்தது, முகம்தான் உள்ளே போயிருந்தது. "வாங்கம்மா" என்று எழுந்து, இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அடுப்புப் பக்கத்திலிருந்து மகள் வந்தாள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இருக்கிறவள். அம்மாவைப் போலவே நெற்றி, அம்மாவைப் போலவே பேசுவதற்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கம்.

"வாங்கக்கா" என்றாள். முறைப்படி பார்த்தால் பெரியம்மா என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் அவள் அம்மா லைன் அக்கா, லைன் அக்கா என்றே பேசிப் பேசி அதுதான் அவளுக்கும் வாயில் வந்தது.

லைன் அக்கா உட்காரப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிர்ச் சுவரில், கண்ணுக்கு நேராக, ஒரு ஆணியில் அந்தப் பலகை தொங்கியது. துடைத்துப் பளபளவென்று இருந்தது. அதன் மேல் ஒரு பூ செருகியிருந்தார்கள். அதற்குக் கீழே வேலைக் கோட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"போட்டோ ஒண்ணுகூட இல்லம்மா" என்றார் கணவர், அவள் பார்வையைப் பார்த்துவிட்டு. "எடுக்கணும் எடுக்கணும்னு சொல்லிட்டே இருந்தா. கம்பெனி அட்டையில இருந்ததுதான் ஒண்ணே ஒண்ணு. அத ஆஸ்பத்திரியிலயே வாங்கிட்டாங்க. அதான் பாப்பா இத மாட்டி வச்சுருக்கா."

மகள் பலகையின் நாடாவைச் சரி செய்தாள். "சீக்கிரம் லீடர் ஆக்கிடுவாங்கன்னு அம்மா சொல்லிட்டே இருந்தாங்கக்கா. லீடருன்னா கழுத்துல சிவப்பா ஒண்ணு போட்டுப்பாங்க, தூரத்துலேர்ந்தே தெரியும்னு சொல்லுவாங்க. கோட்டக் கழட்டினப்போ உள்ள இது இருந்துச்சு. அன்னிக்குத்தான் குடுத்தீங்களா?"

லைன் அக்காவின் கழுத்தில் அவளுடைய சொந்த அட்டை இல்லை, நல்ல வேளையாக வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். மூத்திரம் போக மாட்டிக்கொள்கிற பலகைம்மா அது என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து எந்த வாயால் சொல்வது?

"ஆமா" என்றாள். "அன்னிக்குத்தான். நாந்தான் என் கையால மாட்டிவிட்டேன்."

கணவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் கண் கலங்கியது. துக்கத்தோடு கொஞ்சம் பெருமையும் அதில் இருந்தது, அதுதான் லைன் அக்காவால் பார்க்க முடியாததாக இருந்தது.

"உங்கள ஒண்ணு கேக்கணும்னு இருந்தேம்மா" என்றார் அவர். "நான் போறதுக்குள்ள அவளுக்குப் பேச்சு நின்னு போச்சு. கடைசியா எதாவது சொன்னாளா?"

அறையில் எங்கோ டக், டக் என்று கேட்டது. பக்கத்து வீட்டில் ஏதோ இடிக்கிறார்கள் என்று லைன் அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"இதோ வந்துட்டேன்னு சொன்னா" என்றாள்.

அவர் அதை இரண்டு தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். "காலையிலயும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனா. வந்துடறேன்னு."

கிளம்பும்போதுதான் மகள் சொன்னாள். கம்பெனியிலிருந்து ஆள் வந்து வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார்களாம், அம்மாவின் இடத்தை அவளுக்கே தருகிறார்களாம், நாளைக்கே வரச் சொன்னார்களாம். "அம்மா மிஷின்லயே உக்காரலாம்னு சொன்னாங்கக்கா." மேனேஜர் எவ்வளவு பெரிய மனசு பண்ணியிருக்கிறார் பாருங்கள். தாய் விட்டுப்போன பாதிக் காலரை மகள் தைத்து முடிக்கலாம்.

லைன் அக்கா வெறுங்கையோடு சந்திலிருந்து வெளியே வந்தாள். பாதி வழி போன பிறகுதான், வேலைக்கு வராதேம்மா என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. வராமல் அவர்கள் எதைத் தின்பார்கள் என்ற கேள்வி உடனே வந்து அந்த எண்ணத்தின் வாயை அடைத்துவிட்டது.

திங்கட்கிழமை காலை மகள் அம்மாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். தோள் இறங்கி, கை நீண்டு, தொளதொளவென்று இருந்தது. கழுத்தில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, சிவப்புப் பலகை.

லைனில் ஒருத்தர் பின் ஒருத்தராகத் தலை நிமிர்ந்தது. பிசிறம்மா கையிலிருந்த சட்டையை மடியில் வைத்துவிட்டாள். லைன் அக்கா தன் கழுத்திலிருந்த அட்டையை அவசரமாகக் கோட்டுக்குள் தள்ளிக்கொண்டு ஓடிப் போய், "அதக் கழட்டிப் பையில வச்சுக்கம்மா, மிஷின்ல மாட்டிக்கும்" என்றாள்.

"அப்பாதான்க்கா போட்டு அனுப்பினாரு. அம்மா கூடவே இருக்கற மாதிரி இருக்கும்னு" என்றாள் அவள்.

லைன் அக்கா அவளைக் காலர் மிஷினில் உட்கார வைத்தாள். ஊசிக்குக் கீழே இருந்த பாதிக் காலரை மகள் விரலால் தொட்டுப் பார்த்தாள். யார் தைத்தது என்று கேட்கவில்லை. கண்ணாடி அறையில் மேனேஜர் நிமிர்ந்து பார்த்து, பலகையைப் பார்த்து, திருப்தியாக ஆணியைக் காட்டிக் கையசைத்தார். லைன் அக்கா பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள்.

பலகை வந்துவிட்டது. கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. கேட்டால் கொடுத்துவிடப் போகிறாள். ஆனால் யாரும் கேட்கவில்லை. காஜாக்காரிக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. ஒரு தடவை அந்தப் பெண்ணின் கழுத்தைப் பார்த்தாள், பிறகு கண்ணை இறுக்கி மூடித் திறந்து அடுத்த துளையைப் போட்டாள். ஒரு லைன் முழுக்க, சொல்லிவைத்ததுபோல், அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இத்தனை நாள் பயத்தில் அடக்கினார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்காக அடக்கினார்கள்.

ஆனால் இரண்டாம் லைன்காரிகளுக்கு இதெல்லாம் தெரியாதே. அங்கிருந்து ஒருத்தி எழுந்தாள். தூணுக்கு வந்து பச்சைப் பலகையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். காலர் மிஷினைத் தாண்டி விடுவிடுவென்று போய்க் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தவள் ஈரக் கையால் பலகையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

மகளின் மிஷின் நின்றது. அவள் பச்சைப் பலகையைப் பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஆணியைப் பார்த்தாள். குனிந்து தன் நெஞ்சில் கிடந்ததைப் பார்த்தாள். பிறகு லைன் அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"அக்கா" என்றாள். குரல் ரொம்பச் சன்னமாக இருந்தது. "நான் போயிட்டு வரட்டுமா?"

"போயிட்டு வாம்மா."

அவள் எழுந்தாள். பலகையைக் கையால் பொத்திக்கொண்டு, இரண்டு பக்கமும் மிஷின்களுக்கு நடுவே நடந்து, கதவைத் திறந்து உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. காலர்க்காரிக்குப் பிறகு மூன்றாம் லைன்காரி ஒருத்தி போட்ட முதல் தாழ்ப்பாள் அது.

காலர் வரவில்லை. அடுத்த மிஷின் நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. மூன்றாம் லைன் ஓசை ஓய்ந்துபோய்க் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே குழாய்ச் சத்தம்கூட இல்லை. எவ்வளவு நேரம் போனதென்று யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜர் எழுந்து நின்றார். லைன் அக்கா தூணருகே நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கேட்டது. டக், டக்.

இத்தனை நாளாக லைன் அக்காவை விரட்டிக்கொண்டிருந்த அதே சத்தம். பஸ்ஸில், பாத்திரத்தில், சுவரில் கேட்டது. டக், டக். தகரம் அதிர்ந்தது.

"இதோ வந்துட்டேன்க்கா" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அதே தயக்கம், அதே பதற்றம், அதே மரியாதை.

காஜாக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். யார் தட்டியது என்று லைன் அக்கா லைனைப் பார்த்தாள். எல்லாக் கைகளும் துணிமேல் இருந்தன. ஆனால் எல்லாக் கண்களும் அவளைத்தான் பார்த்தன. முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தன. அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை, அவளைக் கேட்காமலே, கத்தரிக்கோலைப் பிடித்துத் தூணில் தட்டிக்கொண்டிருந்தது.

அவள் இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. இடுப்பு நாடாவை அவிழ்த்தாள். கத்தரிக்கோலைத் தரையில் வைத்தாள். கதவுக்குப் போய், நெற்றி படுகிற அளவுக்கு நெருங்கி நின்றாள்.

"நாந்தாம்மா தட்டினேன்" என்றாள். "கை பழக்கத்துல தட்டிடுச்சு. நீ மெதுவா வா. ஒரு அவசரமும் இல்ல."

உள்ளே அழுகை கேட்டது, முதலில் அடக்கிக்கொண்டு, அப்புறம் அடக்காமல்.

மேனேஜர் அறையை விட்டு வெளியே வந்தார். "என்னம்மா, லைனே நிக்குது?"

"உள்ள ஆள் இருக்கு சார்."

"எவ்வளவு நேரம்? பலகைய வாங்கி ஆணியில மாட்டு. மத்தவங்க போக வேணாமா?"

லைன் அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "அது பலகை இல்ல சார். அவங்க வீட்டுல அவளோட போட்டோ அது. அத நான் கேக்க மாட்டேன்" என்றாள். கழுத்திலிருந்த லீடர் அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். பிறகு, முட்டி வலிக்க வலிக்க, கழிவறைக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இனி அவளைத் தாண்டித்தான் அந்தக் கதவை யாரும் தட்ட முடியும்.

மேனேஜர் லைனைப் பார்த்தார். யாராவது பெடலை அழுத்துவார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் அழுத்தவில்லை. அந்த அமைதியில் எங்கோ ஒரு பாட்டில் மூடி திருகப்படும் சத்தம் கேட்டது. பிசிறம்மா பாட்டிலை இரண்டு கையாலும் தூக்கி, கழுத்தில் வழிய வழிய, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் குடித்து முடிப்பதற்குள் காஜாக்காரி தன் பாட்டிலை எடுத்தாள்.